கல்மேட்டுச் செடியின் பெயர்

பல்லேகலப் பக்கம் நான் வாடகைக்கு எடுத்த மேல்மாடிக்குக் குடிபோன அன்று, பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டுக் கைகழுவக் குழாய் தேடி வீட்டின் பின்பக்கம் போனேன். முற்றம் துடைத்து வைத்ததைப் போல வெறுமையாகக் கிடந்தது. ஒரு பூச்சாடி இல்லை, வாளி இல்லை, கவிழ்த்து வைத்த சிரட்டைகூட இல்லை. கண்டியில் யார் வீட்டு முற்றமும் அப்படி இருக்காது. பழைய பெயின்ட் வாளியிலாவது ஏதாவது ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும்.

மதிலோரம் ஒரு கல்மேடு மட்டும் இருந்தது. வீடு கட்டி மிஞ்சிய கருங்கற்களை இடுப்பளவுக்குக் குவித்திருந்தார்கள். கற்களின் இடுக்குகளிலிருந்து சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு செடி கிளம்பியிருந்தது. தடித்த, நுனி கூரான இலைகள், ரோசாப்பூவின் இதழ்கள் போல வட்டமாக அடுக்கி. இலைகளின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. குனிந்து கையை நீட்டினேன்.

"தொட வேணாம் டீச்சர்."

வீட்டுக்கார அம்மா சமையலறை வாசலில் நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டபடி கிட்ட வந்தார். "தொட்டா அடையாளம் உழுந்துரும். பொறகு போகாது."

அது உண்மை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். விரல் பட்டால் அந்தப் பூச்சு அழிந்துவிடும். முதிர்ந்த இலையில் அது மறுபடி வராது. இலை இருக்கும் வரைக்கும் தொட்டவரின் விரலும் அதில் இருக்கும்.

நான் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்போது கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்துபோக முடியாமல்தான் இந்த மேல்மாடியை எடுத்தேன். கீழ்வீட்டில் அந்த அம்மாவும் அவருடைய கணவரும் மட்டும் இருந்தார்கள். கணவருக்குத் திகனவில் ஒரு ஹார்ட்வெயார் கடை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் இருவரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டேன்.

வந்த சில நாட்களில், ஒரு போத்தலில் தண்ணீர் விட்டு மணிபிளான்ட் கொடி ஒன்றைப் பல்கனியில் வைத்தேன். மறுநாளே அங்கிள் படியேறி வந்தார். அந்தப் போத்தலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"கோவிச்சுக்க வேணாம் டீச்சர். தண்ணி நிக்கிற சாமான் ஒண்டும் இந்த வீட்டுல வேணாம்."

அவர்களுடைய ஒரே மகள் முந்திய வருடம் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். இருபத்துநாலு வயது. காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. மையவாடியிலிருந்து திரும்பி வந்த அங்கிள், உடுப்பு மாற்றாமல் பின்முற்றத்துக்குப் போயிருக்கிறார். பூச்சாடிகள், வாளிகள், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தட்டு என்று நீர் தேங்கக்கூடிய எல்லாவற்றையும் அள்ளி லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். மகள் ஆசையாக வளர்த்த அந்தூரியங்களும் அதோடு போய்விட்டன. கல்மேட்டை மட்டும் விட்டுவைத்தார். கல்லில் தண்ணீர் நிற்காது.

"அதுதான் மிச்சம்" என்றார். போத்தலை அவரே எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் ஆன்ட்டி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்மேட்டின் பக்கத்தில் போட்டு உட்காருவார். கையில் தண்ணீர்க் கோப்பை. ஒவ்வொரு செடிக்கும் வேரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ ஓதுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காற்று அவருடைய குரலை மேலே கொண்டுவந்தது. அது ஓதல் இல்லை. "கிளா... கிரா... கோ... கொர..." என்று அரைச் சொற்களாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தார், யாரோ வருவார்கள் என்பது போல. பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைச் சொன்னார்.

நான் கேட்டதைக் கவனித்துவிட்டார் போலும். மறுநாள் பாடசாலை விட்டு வந்தபோது தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"அந்தச் செடிக்கு ஒரு பேர் ஈக்கி டீச்சர். இங்கிலீசுப் பேர். எண்ட மகள்தான் எங்கேயோ போயிட்டு வரக்குள்ள கொண்டாந்தா. இந்தா, இந்த சமையலறை வாசல்ல நின்டுதான் பேரச் செல்லினா. நான் தேங்கா துருவிட்டு ஈந்தன். காதுல உழுந்திச்சி. நானும் ஏதோ பதில் செல்லினன். என்ன பேர், என்ன பதில், ஒண்டும் நெனவில்ல."

அவர் தொடர்ந்தார்.

"அவ செல்லின மத்த எல்லாம் நெனவீக்கி. ஆஸ்பத்திரியில செல்லினது, சின்ன வயசில செல்லினது, எல்லாம். இது ஒண்டுதான் இல்ல. படுத்தா அவ வாசல்ல வந்து நிக்கிறா. வாய் அசையிது. சத்தம் வருதில்ல." சேலைத் தலைப்பால் மேசையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தார். "நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற தானே. கண்டுபிடிச்சித் தாங்களேன்."

எனக்கு அது லேசான வேலையாகத் தோன்றியது. போனில் படம் எடுத்துப் போட்டால் பெயர் சொல்லும் செயலி ஒன்று இருந்தது. காலை வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு அது எச்சிவேரியா என்றது. மாலையில் எடுத்ததற்கு சீடம் என்றது. பக்கவாட்டில் எடுத்தபோது வாயில் நுழையாத மூன்றாவது பெயர் ஒன்றைச் சொன்னது. பேராதனை வீதியோரம் செடி விற்கிற இடங்களில் விசாரித்தேன். தடித்த இலை இருந்தால் அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், சக்குலன்ட். கேட்ட பெயர்களையெல்லாம் கொண்டுவந்து ஆன்ட்டியிடம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்றார். வாய்க்குள் போட்டுப் பார்த்துத் துப்புவது போல இருந்தது அந்த "இல்ல".

பிறகு ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இந்த வகைச் செடிகளை இலையை வைத்துச் சொல்ல முடியாது. நிழலில் நீலச் சாம்பலாக இருப்பது வெயிலில் ரோசாவாகவும் மஞ்சளாகவும் மாறும். தண்ணீர் கூடினால் ஒரு உருவம், குறைந்தால் வேறொரு உருவம். பூவை நம்பித்தான் பெயர் வைக்கலாம். பூ மணி போலக் குவிந்திருந்தால் ஒரு சாதி. நட்சத்திரம் போல விரிந்தால் இன்னொன்று.

"பூ வரட்டும் ஆன்ட்டி. பூவப் பாத்தா உறுதியா சொல்லிறலாம்."

"ஒருநாளும் பூத்ததில்லியே."

அதற்கும் காரணம் தெரிந்தது. மதிலுக்கு மேலே அவகாடோ மரத்தின் கிளைகள் கவிந்திருந்தன. நல்ல வெயில் கல்மேட்டில் விழுவதே இல்லை. அதோடு தினமும் தண்ணீர். செடிகள் வெளிச்சம் தேடித் தண்டை நீட்டி நீட்டி, கழுத்து முறிந்தவை போலக் கற்களின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. வறண்ட மலைப்பாறையில் கிடந்து பழகிய செடி இது. வெயிலும் குளிரும் தாகமும் இருந்தால்தான் பூக்கும். கிளைகளை வெட்ட வேண்டும், தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன்.

ஆன்ட்டி எழுந்து என்னைக் கல்மேட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு செடியின் கீழ் அடுக்கில் இருந்த இலையைக் காட்டினார், தொடாமல். அதில் வெள்ளைப் பூச்சு முட்டை வடிவத்தில் அழிந்திருந்தது. உற்றுப் பார்த்தபோது அதற்குள் வளைவு வளைவாக ரேகைகள் தெரிந்தன.

"அவ நட்டு வைக்கக்குள்ள பட்டது. பெருவெரல்" என்றார். "நீங்க செல்லுற மாதிரி செஞ்சா இது என்னாகும்?"

தாகம் வந்தால் இந்தச் செடி முதலில் தன் கீழ் இலைகளிலிருந்துதான் நீரை எடுத்துக்கொள்ளும். அவை சுருங்கி உதிர்ந்துவிடும். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப வேணாம்" என்றார் ஆன்ட்டி. கோப்பையில் இருந்த மீதித் தண்ணீரை அதன் வேரில் ஊற்றினார்.

அதன் பிறகு மாதக்கணக்காக அந்தப் பெயரைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் அரைச் சொற்கள் நிற்கவில்லை. மாலையானால் கீழே கதிரை இழுபடும் சத்தம், பிறகு அந்த முணுமுணுப்பு. என் அறை அந்த மகளின் அறைக்கு நேர் மேலே இருந்தது. ஆன்ட்டி காலையில் அதன் ஜன்னலைத் திறப்பார், அந்தியில் மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் மூடுவார். கொண்டி விழுகிற சத்தம் என் தரை வழியாகக் கேட்கும். அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று நானே அறியாமல் அவசரப்படத் தொடங்கினேன். பஸ் பிந்தினால் மனம் பதறும். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று "கிரா... கோ..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு மாணவி பார்த்துச் சிரித்தாள். அன்று எனக்கு உண்மையில் பயமாக இருந்தது.

மழை தொடங்கியபோது ஆன்ட்டி ஒரு குடை தந்தார். கைப்பிடியில் பிளாஸ்டிக் மணிகள் கட்டிய, இளம் பெண்கள் பிடிக்கிற குடை. யாருடையது என்று நான் கேட்கவில்லை. "நனஞ்சிட்டு வராதீங்க மகள்" என்றார். அதுவரைக்கும் நான் டீச்சர். அன்றிலிருந்து மகள்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பின்னேரமானால் ஹந்தான மலைப் பக்கம் கறுத்துவிடும், பிறகு முற்றம் முழுவதும் சேற்று ஓடை. ஒருநாள் கதவு தட்டப்பட்டது. ஆன்ட்டி நனைந்தபடி நின்றார். உள்ளங்கையில் ஒரு செடி. இலைகள் கண்ணாடி போலாகி, தண்டு கறுத்துக் கூழாகி இருந்தது.

"தொட்டதும் கையோட வந்துட்டு" என்றார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாதிச் செடிகள் அழுகிவிட்டன. கற்களுக்கு இடையில் இருந்தது களிமண். குடித்த தண்ணீரை அது விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் கடையை மூடிவிட்டு வந்தார். உடைத்த செங்கல், சல்லிக்கல், ஆற்றுமணல் மூன்றையும் வண்டியில் கொண்டுவந்திருந்தார். நானும் அவரும் கல்மேட்டைப் பிரித்தோம். களிமண்ணை வாரிக் கொட்டினோம். பெரிய கற்களைப் பின்பக்கம் சரிவாக அடுக்கி, இடுக்குகளில் மணலும் சல்லியும் கலந்து நிரப்பினோம். பிறகு அவர் ஏணி வைத்து அவகாடோக் கிளைகளை அறுத்தார். அந்த மூலைக்கு முதன்முறையாக வெயில் வந்தது. இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தவர், மெதுவாகக் கேட்டார்.

"பேர் கெடச்சா அவவுக்கு நிம்மதி வருமெண்டா நெனக்கிறீங்க?"

"தெரியல அங்கிள்."

"எனக்கு பயமா ஈக்கி. தேட ஒண்டு ஈக்கிற வரைக்கும் எந்திரிக்கிறா, சமைக்கிறா, அந்தக் கதிரையில போய் ஈக்கிறா. கெடச்சிட்டா பொறகு என்ன செய்வா?"

வாசலில் ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். கேட்டாரோ என்னவோ. அழுகாமல் தப்பிய செடிகளை ஒரு தட்டில் வைத்திருந்தோம். விரல் பதிந்த இலை உள்ள செடியும் தப்பியிருந்தது. அதைத் தண்டில் மட்டும் பிடித்து எடுத்து, புதிய மணலில் அவரே ஊன்றினார். பிறகு தண்ணீர்க் கோப்பையை உள்ளே கொண்டுபோய் மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைத்தார்.

"இனி ஊத்த மாட்டன்" என்றார்.

தை பிறந்ததும் மழை நின்றது. பகலில் கற்கள் சுட்டன, விடியற்காலையில் பனியில் குளிர்ந்து கிடந்தன. செடிகள் மாறத் தொடங்கின. தொங்கிய கழுத்துகளுக்கு நடுவில் புதிய இலைகள் இறுக்கமாக, குட்டையாக வந்தன. நீலம் போய் ஒரு மங்கிய ரோசா நிறம் ஏறியது. அந்தி வெளிச்சத்தில் பல்கனியிலிருந்து பார்த்தால் கற்கள் மறைந்துவிடும். வெளிறிய அந்த வட்டங்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். நான் சீக்கிரமே கதவை மூடிக்கொள்வேன்.

கீழ் இலைகள் சுருங்கின. விரல் பதிந்த இலை நாளுக்கு நாள் மெலிந்தது. ரேகைகள் நெருங்கி, மடிந்து, வயதானவரின் தோல் போல ஆயின. ஆன்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தார், ஊற்றவில்லை. ஒரு காலையில் அது கல்லின் மேல் உதிர்ந்து கிடந்தது.

"மணல் மேல சும்மா வச்சீங்கன்னா போதும் ஆன்ட்டி, வேர் விட்டுரும்" என்றேன்.

"எண்ட புள்ளட ஒண்டையும் இனி மண்ணுல வைக்க ஏலா."

அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி அலுமாரியில், விருந்தினருக்கு எடுக்கிற பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். சில கிழமைகளுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மண் இல்லை, தண்ணீர் இல்லை. இலையின் அடியிலிருந்து ரோசா நிற வேர்கள் மயிர் போல நீண்டு கண்ணாடித் தட்டைத் தடவிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில் பயறளவில் ஒரு குட்டிச் செடி. இலைக்குள் இருக்கிற நீரும் மாவும் அதற்குப் போதும். இதைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் பதியமுறை இனப்பெருக்கம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஆனாலும் அந்த அலுமாரியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மாசியில் ஒரு செடியின் பக்கத்திலிருந்து மெல்லிய காம்பு ஒன்று வளைந்து கிளம்பியது. நுனியில் மொட்டுகள். முதல் மொட்டு விரிந்த அன்று நான் பாடசாலைக்கு லீவு போட்டேன். ஐந்து இதழ்கள், நட்சத்திரமாக விரிந்திருந்தன. வெள்ளை இதழ்களில் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். ஓரிரு நாளில் மகரந்தம் கொட்டிய கேசரங்கள் பின்னோக்கி வளைந்தன. மணிப்பூச் சாதிகள் எல்லாம் அதோடு கழிந்தன. இலையின் அடிமுதுகில் இருந்த வரம்பு, பக்கத்திலிருந்து கிளம்புகிற பூங்காம்பு, புள்ளிகள், எல்லாவற்றையும் படங்களோடு ஒப்பிட்டேன். கிராப்டோபெட்டலம். எழுத்து விழுந்த இதழ் என்று அர்த்தமாம். சந்தேகமே இல்லை.

அதற்குக் கீழே, உலகத்தில் எல்லோரும் அதைக் கூப்பிடுகிற சாதாரணப் பெயரும் இருந்தது. அதைப் படித்துவிட்டுப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோஸ்ட் பிளான்ட். பேய்ச்செடி. வெளிறிய அந்தப் பூச்சுக்காக வைத்த பெயர்.

ஆன்ட்டியிடம் நீண்ட பெயரை மட்டும் சொன்னேன்.

"இல்ல" என்றார். "அவ இவ்வளவு நீட்டிச் செல்லல்ல."

மற்றதை எப்படிச் சொல்வது? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், உங்கள் மகள் விட்டுப்போனது பேய் என்று எப்படிச் சொல்வது? சில நாள் தள்ளிப்போட்டேன். நான் எதையோ மறைப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பின்னேரம் கீழிருந்து கூப்பிட்டார். சமையலறையில் துருவலையில் உட்கார்ந்திருந்தார், பாதித் தேங்காய் கையில். பக்கத்தில், வேரோடு பிடுங்கிய ஒரு செடி கடதாசி மேல் இருந்தது.

"இதக் கையில எடுங்க மகள். அந்த வாசல்ல போய் நில்லுங்க. அவ செருப்பக் கழட்டாமத்தான் நின்டா, நீங்களும் போட்டுக்கோங்க. அங்க நின்டு, தெரிஞ்ச பேரெல்லாம் ஒவ்வொண்டா செல்லுங்க. நான் துருவுறன்."

மறுக்கத் தோன்றவில்லை. செடியைக் கையில் ஏந்தி வாசற்படியில் நின்றேன். எனக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. என் நிழல் நீண்டு அவருடைய மடி வரைக்கும் போய்க் கிடந்தது. அவர் நிமிரவில்லை. துருவத் தொடங்கினார்.

"எச்சிவேரியா" என்றேன். துருவும் சத்தம் நிற்கவில்லை. "சீடம்" என்றேன். "கிராப்டோபெட்டலம்" என்றேன். தேங்காய்ப்பூ தட்டில் விழுந்துகொண்டே இருந்தது.

இன்னும் ஒன்றுதான் மிச்சம். எங்கள் வீட்டில் நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அன்று என் வாயில் வந்தது வேறு.

"உம்மா, இது கோஸ்ட் பிளான்ட்."

"மஃரிபு நேரத்துல பேய் பேயெண்டு செல்லிட்டு உள்ளுக்கு வராத. வெளியில கொண்டு போய்க் கல்லுல வையி அத."

தலை நிமிராமலே சொன்னார். நான் அதுவரை கேட்டிராத குரல் அது. வேகமான, வேலை மும்முரத்தில் உள்ள, நாளைக்கும் இங்கேயே இருக்கப்போகிற பிள்ளையோடு பேசுகிற குரல். கை இன்னும் இரண்டு தரம் துருவியது. பிறகு நின்றது.

நான் திரும்பி வெளியே போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கல்மேட்டின் முன் குந்தி, ஒரு இடுக்கில் மணலை விலக்கி, அந்தச் செடியை ஊன்றினேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. நான் ஊன்றுகிறேனா, ஊன்றுகிற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று ஒரு கணம் பிடிபடவில்லை. பாங்கு முடியும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து படியில் நின்றபோது ஆன்ட்டி அதே இடத்தில் இருந்தார். தேங்காய் மடியில் கிடந்தது.

"அதுதான்" என்றார். "அதனாலதான் அவ கொண்டு போய்க் கல்லுல வச்சா. நான் ஏசினனே."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். நினைவு இன்னும் வந்துகொண்டிருந்தது அவருக்கு.

"கோவிக்கல்ல அவ. சிரிச்சா. போய் வச்சிட்டு வந்து, இந்தப் படியில நின்டு, 'பேய் வெளியில போயிட்டு உம்மா, நான் உள்ளுக்கு வரலாமா?' எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கண்ணீர் முகவாயில் சேர்ந்து தேங்காய்ப்பூவில் விழுந்தது. துடைக்கவில்லை.

"கையக் கழுவிட்டு வா எண்டன்" என்றார். பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். என் விரல்களில் மணல் ஒட்டியிருந்தது. "நீங்களும் கையக் கழுவிட்டு வாங்க டீச்சர்."

அங்கிள் பயந்தது பாதி நடந்தது. ஒரு கிழமைக்கு மேல் ஆன்ட்டி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கிள் கடையை நேரத்தோடு மூடிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் மாலை நேரம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கீழே கதிரை இழுபடவில்லை, முணுமுணுப்பு இல்லை, ஜன்னல் கொண்டி விழவில்லை. எத்தனையோ நாள் அந்தச் சத்தங்கள் ஓயாதா என்று காதைப் பொத்தியிருக்கிறேன். இப்போது அவற்றுக்காகப் பல்கனியில் வந்து நின்றேன்.

நோன்பு தொடங்குவதற்கு முந்திய நாள் காலையில் அவர் எழுந்து குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். அங்கிளிடம், மகளின் அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். அடித்து முடிந்ததும் தையல் மெஷினை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். அழவில்லை என்று சொல்ல மாட்டேன். மெஷின் திடீரென்று நின்று வெகுநேரம் ஓடாமல் இருக்கிற பகல்கள் இருந்தன. ஆனால் மகளைப் பற்றிப் பேசும்போது அவள் சிரித்ததையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தார். அலுமாரியில் முளைத்த குட்டிச் செடியை ஒருநாள் மணலில் வைத்ததையும் நான் பார்த்தேன். என்னைக் கூப்பிடவில்லை. தானே வைத்தார்.

நான் அங்கே இன்னும் ஒரு வருடம் இருந்தேன். கல்மேடு நிறைந்து, செடிகள் மதில் மேலும் ஏறின. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டால் ஆன்ட்டி ஒரு துண்டு முறித்துக் கொடுப்பார். பெயர் கேட்டால் இங்கிலீசிலேயே சொல்வார், பொழுது சாய்ந்த பிறகு கேட்டால் மட்டும் நாளைக்கு வரச் சொல்வார்.

பிறகு எனக்கு இடமாற்றம் வந்து மஹய்யாவையில் ஒரு அறை பார்த்தேன். புறப்படுகிற அன்று ஆன்ட்டி கடதாசியில் சுற்றி ஒரு செடியை நீட்டினார். அறைக்கு வெயில் வராது என்று சொன்னேன். அது உண்மைதான். அவரும் வற்புறுத்தவில்லை.

அந்த வாசற்படியில் நின்று நான் அவரை உம்மா என்று கூப்பிட்டதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அதை நான் முன்கூட்டி நினைத்துச் சொல்லவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. அந்தச் சொல் எனக்குள் எங்கே இருந்தது, எப்படி அந்த நேரத்தில் வந்தது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்திருக்கிறேன். அன்று ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிவிட்டு விடைபெறத் திரும்பியபோது அது மறுபடியும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருந்தாரா, சும்மா பார்த்தாரா என்று சொல்ல முடியாது.

"போயிட்டு வர்றேன் ஆன்ட்டி" என்றேன்.

"ம்" என்றார். "பாத்துப் போங்க."